அண்ணியின் கொக்கு

என் அண்ணி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர். நாள் முழுக்க ஒரே நாற்காலி. இடது பக்கத்திலிருந்து பொருள் வரும்; அண்ணியின் கை அதை மெஷினில் காட்டி, 'பீப்' என்றதும் வலது பக்கம் தள்ளும். கள்ள நோட்டை விரலால் தடவியே சொல்லிவிடுவார். அந்தக் கடையில் அவரிடம் வாயாடித் தப்பித்த வாடிக்கையாளர் கிடையாது. டிவி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் என்னிடம் செமத்தியாக அடி வாங்குவார்.

நான் அவருடைய நாத்தனார், மேல்மாடியில் குடியிருப்பவள். வேலை முடிந்ததும் கீழே இறங்கி வந்துவிடுவேன். அண்ணன் ஆசையாக வாங்கிய வீடியோ கேமில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவோம். வாங்கியவர் சோபா ஓரத்தில் வாயைப் பிளந்து தூங்குவார். நாத்தனாரும் அண்ணியும் அடித்துக்கொள்ள இவ்வளவு சௌகரியமான ஏற்பாடு வேறு எந்த வீட்டில் இருக்கும், சொல்லுங்கள்!

முதல் கன்ட்ரோலர் எனக்கு. ஜெயிக்கிறவளுக்குத்தான் அது என்பது நானே போட்ட சட்டம். அதனால் என் ஆள், இரும்புக் கையுறை மாட்டிய ஒருத்தி, எப்போதும் திரையின் இடது பக்கம் நிற்பாள். அண்ணியின் ஆள் வலது பக்கம். ஆட்டத்தில் எத்தனையோ பேர் இருக்க, அண்ணி முதல் நாளிலிருந்து ஒரே குண்டனைத்தான் எடுப்பார். பீப்பாய் என்று பெயர் வைத்திருந்தோம். முதல் நாள் எல்லாப் பட்டனையும் கண்டபடி அமுக்கியதில் பீப்பாய் காலைச் சுழற்றி ஒரு உதை விட்டான், நான் மல்லாந்து விழுந்தேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து அந்த ஒரே உதை. நானும் கொஞ்ச நாள் விழுந்து எழுந்துதான் ஜெயித்தேன், பிறகு குனிந்து தடுக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் பீப்பாய்க்குப் பிழைப்பே இல்லை.

ஒரு நாள் வரிசையாகத் தோற்றதும் அண்ணி கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்தார்.

"இதோ பாரு. புதுசா ஒரு ஆளைக் கத்துக்கப் போறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள உன்னை ஒரு தடவையாவது ஜெயிக்கணும். இல்லேன்னா இனிமே விளையாடவே வரமாட்டேன், ஆளை விடு."

"அண்ணி, ஒரு விளையாட்டுக்குப் போய் கோவிச்சுக்கறீங்களே!"

"தினம் தினம் உதை வாங்கறதுக்கு நான் என்ன மணல் மூட்டையா? இன்னொண்ணும் கேட்டுக்கோ. பாவம்னு விட்டுக்கொடுத்தே, கண்டுபிடிச்சிடுவேன்."

அண்ணி விலகிவிட்டால் நான் யாரோடு விளையாடுவது, குறட்டை விடுகிற அண்ணனோடா? மாடியில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான். விட்டுக்கொடுக்கலாம் என்றாலோ, கள்ள நோட்டைப் பிடிக்கிறவரிடம் என் நடிப்பு எத்தனை நேரம் செல்லுபடியாகும்?

அண்ணி எடுத்த புது ஆள் ஒல்லி உடம்பும் நெட்டைக் காலுமாக இருந்தான். கொக்கு என்றோம். நான் இறங்கி வருவதற்கு முன்பே அண்ணி தனியாக உட்கார்ந்து பழகுவார். பில் போடுவதற்கான காய்கறி கோட் நம்பர்களை ஒரு காலத்தில் மனப்பாடம் செய்த அதே முறைதான்: ஒரு அடி, அது விரலுக்குத் தானாக வருகிறவரை அடுத்ததைத் தொடுவதில்லை. கீழே, முன்னே, குத்து. இந்த வரிசையில் பட்டனை அமுக்கினால் கொக்கு பாய்ந்து எதிராளியின் மூக்கில் குத்துவான். அடுப்பு முன்னால் நிற்கும்போதும் அண்ணியின் கட்டைவிரல் அசைந்துகொண்டே இருக்கும். "இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார் அண்ணன்.

சனிக்கிழமை மோதினோம். கொக்கு குனிந்தான், பின்னால் நகர்ந்தான், வெறும் காற்றைக் குத்தினான். ஒன்றுகூட என்மேல் விழவில்லை.

"கன்ட்ரோலர் கெட்டுப்போச்சு போல" என்றார் அண்ணி.

"ஆமாமா, அது மேல பழியைப் போடுங்க!" என்றேன். என் வாய் சும்மா இருக்குமா? அண்ணி கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் அண்ணியின் மெஷின் பழுது. எதிர்வரிசைக் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே பொருள் வலது பக்கத்திலிருந்து வரும். இத்தனை வருஷம் பழகிய கை தடுமாறி ஒரு தட்டு முட்டையைக் கவிழ்த்துவிட்டதாம். அதைத் துடைக்கும்போதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. தனியாகப் பழகும்போது முதல் கன்ட்ரோலர். கொக்கு இடது பக்கம் நிற்பான், முன்னே என்றால் வலது. என்னோடு மோதும்போது இரண்டாவது கன்ட்ரோலர். அவன் வலது பக்கம் நிற்பான், முன்னே என்றால் இடது. கட்டைவிரலோ பழகிய பக்கமே ஓடியது. இதையெல்லாம் அண்ணி பிற்பாடுதான் என்னிடம் சொன்னார்.

அன்று மாலை முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "வா, ஆரம்பி" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. கொக்கு அடிக்கவில்லை. நெட்டைக் காலை மடக்கி ஒரே தாவு! என் ஆளின் தலைக்கு மேலே பறந்து முதுகுப் பக்கம் இறங்கினான். இப்போது அவன் இடது, நான் வலது. கீழே, முன்னே, குத்து. என் மூக்கிலேயே விழுந்தது.

"அடப்பாவி அண்ணி!" என்று திருப்பி அடித்தேன். என் இரும்புக்கைக்காரி அடிக்காமல் பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பீப்பாய் ஒரு நாளும் தாவியதில்லை. இத்தனை நாள் நானும் ஒரே பக்கம் நின்று ஜெயித்தவள்தான், என் விரலுக்கும் மறுபக்கம் தெரியாது! நான் தாவி இடம் மாறியபோதெல்லாம் கொக்கும் உடனே தாவினான். சத்தத்தில் அண்ணன் எழுந்துவிட்டார்.

"யாரு ஜெயிக்கறது?"

"உன் பொண்டாட்டிதான், பேசாம தூங்கு!"

என் ஆள் சுருண்டு விழுந்தாள். அண்ணி துள்ளிக் குதிக்கவில்லை. என் பக்கம் திரும்பி முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லு. விட்டுக்கொடுத்தியா?"

எனக்கு வந்ததே கோபம்! கையில் அகப்பட்ட தலையணையை வீசினேன், அது அண்ணன் மூஞ்சியில் போய் விழுந்தது. "விட்டுக்கொடுக்கறதா? நானா? இன்னொரு ஆட்டம் வைங்க, இப்பவே!"

தலையணை பறந்ததைப் பார்த்த பிறகுதான் அண்ணி சிரித்தார். என் கோபம் அசல் என்று தெரிந்துவிட்டது. என் கையிலிருந்த முதல் கன்ட்ரோலரை உருவிக்கொண்டு இரண்டாவதை நீட்டினார்.

"சட்டம் நீ போட்டதுதானே? உட்காரு."

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அண்ணி எங்கேயும் போகப் போவதில்லை. மனசு நிறைந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.