தியேட்டர் வாசலில் மூன்றாவது முறை

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்றதும், ஆமத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் அவரை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து எல்லாப் படிவத்தையும் நானே நிரப்பினேன். ‘இரவிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வார்டு நர்ஸ் அதையே கேட்டார். சொன்னேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இன்னொரு நர்ஸும் கேட்டதும் குழம்பிப்போனேன். நான் எழுதியதை யாருமே படிக்கவில்லையா?

“அதான் எழுதியிருக்கேனே சிஸ்டர்!”

“நீ சும்மா இரும்மா, அவுக சொல்லட்டும்” என்றவர் அம்மாவிடம் குனிந்தார். “எந்திரிச்சதுல இருந்து வாயில என்னம்மா போட்டீக?”

“ஒரு வாழப்பழமும் துண்டு வெல்லமுந்தான் தாயி. பட்டாசுக் கம்பெனிக்குப் போகையில தெனமும் திங்கிறது. வெடிமருந்துத் தூசி தொண்டையில நிக்காதுல்ல? சாப்பாடு தொடவே இல்ல.”

ஆபரேஷன் உடனே நின்றது. ஒரு பழத்துக்காகவா என்று எனக்குப் புரியவில்லை.

“மயக்கத்துல அது வாந்தியா வந்து நுரையீரலுக்குள்ள போனா உசிருக்கே ஆபத்து” என்றார் நர்ஸ்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் குழப்பம்தான் தீரவில்லை. முந்தின நாள் காலை அம்மா கையிலிருந்து அந்தப் பழத்தோலை வாங்கிக் குப்பையில் போட்டவளே நான்தான். பிறகு எப்படி ‘எதுவும் சாப்பிடவில்லை’ என்று எழுதினேன்?

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் கேட்கும் கேள்விக்கு அம்மாதான் பதில் சொல்கிறார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்கிறேன்.