தன்னையே திருடிய ஆய்வேடு

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர்களுக்கு உதவும் அந்த அம்மாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் வெந்நீர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி எப்போதும் ஓட்டம். ஒருவனுக்குப் பழைய இதழைத் தேடிக்கொண்டே இன்னொருத்தியின் மேற்கோள்களைத் திருத்துவாள். நடுவில் மூன்றாமவனை, "தலைப்பே இன்னும் முடிவாகலியா? பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி எத்தன நாள் யோசிப்ப?" என்று ஒரு பிடி பிடிப்பாள். "இவ உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல" என்பது மாமியாரின் நிரந்தரப் புகார். அதில் பொய்யுமில்லை.

அன்று காலை நர்ஸம்மா வந்து நின்றாள். ஆஸ்பத்திரி வேலையை விடாமல், இரவுப் பணியில் நர்சுகள் படும் பாட்டைப் பற்றி வருடக்கணக்காக ஆய்வேடு எழுதி முடித்தவள். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், துறையில காப்பியடிச்சதான்னு சோதனை போட்டாங்களாம். தொண்ணூத்தெட்டு சதவீதம் காப்பின்னு வந்திருக்கு. கைடு சார் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"என்னது? போன வாரம் நானே போட்டுப் பாத்தேனே. நாலுகூட வரலியே!"

சொல்லி வாயை மூடவில்லை, வெந்நீருக்குப் பொறி தட்டியது.

வரைவை முன்கூட்டியே சோதித்துத் தருவது அவள் வேலை. அதற்கு முன் 'சேமிப்பில் வை' என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வரைவு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதே ஆய்வேடு முறைப்படி வரும்போது, கணினி அதை அதனோடேயே ஒப்பிட்டுத் திருட்டு என்று கூப்பாடு போடும். அன்றைக்குக் கணவர் போனில், "பீரோ சாவிய எங்க வச்ச?" என்று பிடுங்கிக்கொண்டிருந்தார். பதில் சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தியது நினைவிருந்தது. டிக்கை எடுத்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"நீ இங்கயே இரும்மா" என்று சொல்லிவிட்டு அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரின் அறைக்கு ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியேறும்போது கெட்ட புத்தியும் கூடவே ஏறியது. அறிக்கையில் 'மாணவர் கட்டுரை' என்றுதானே இருக்கும்? யார் சேமித்தது என்று இருக்காதே. அடுத்த வாரம் துணை நூலகர் பதவிக்கு நேர்காணல். குழுவில் இந்தப் பேராசிரியரும் ஒருவர். பதினெட்டு வருடம் மாடாய் உழைத்தவளுக்கு ஆசை இருக்காதா என்ன?

"மென்பொருள் கோளாறா இருக்குமோ?" என்று பேராசிரியரே வழிவிட்டார். "ஆனா கோளாறுன்னு சொன்னா விசாரணைக் குழு போடணும். ரெண்டு மாசம் ஆகும்மா."

ரெண்டு மாசம். கடைசி நாள் இன்றைக்கு.

"கோளாறெல்லாம் இல்ல சார். நான்தான் டிக்கை எடுக்காம விட்டுட்டேன். எழுதியே குடுக்கறேன்."

எழுதிக் கொடுத்தாள். அவர் சேமிப்புத் தேதியைச் சரிபார்த்து ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார். "இந்த நேரத்துலயா இப்படிப் பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார். நேர்காணலில் கவிழ்க்க அது போதுமே.

கீழே வந்தபோது நர்ஸம்மா தன் ஆய்வேட்டுப் பிரதியைப் பிரித்துவைத்து, பென்சிலால் வரி வரியாகக் கோடிட்டுக்கொண்டிருந்தாள். வெந்நீர் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

நர்ஸம்மா திட்டவில்லை. கோடு போட்ட பக்கத்தைக் காட்டினாள்.

"எங்கயோ படிச்சதத்தான் எழுதிட்டேனோன்னு காலையிலேருந்து தேடிட்டிருக்கேன் மேடம். இந்தப் பக்கத்துல இருக்கிறது எங்க வார்டுல செத்துப்போன ஒரு பாட்டி எங்கிட்ட சொன்னது. அதையே சந்தேகப்பட்டுட்டேன். அப்ப இதெல்லாம் நான் எழுதினதுதானா?"

"உன்னோடதுதாம்மா. ஒவ்வொரு வரியும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரப்பரை எடுத்து முதல் கோட்டிலிருந்து அழிக்கத் தொடங்கினாள். போன் அடித்தது. கணவர்தான். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த கோட்டுக்குப் போனாள்.