டாவு என்றால் அக்கறை

எங்கள் மாமாவிடம் அர்த்தம் கேட்டுத்தான் நான் தமிழ் கற்றேன். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு இன்றுவரை நாலு பேர் நடுவில் பேசி வருவது என்னுடைய துணிச்சலைத்தான் காட்டுகிறது.

எழுபதுகளின் கடைசி. துபாயில், தேராவில் இருந்தோம். பள்ளியில் ஆங்கிலம், மாடிப்படியில் இந்தி, வீட்டில் அம்மாவின் திருநெல்வேலித் தமிழ். அம்மாவின் தம்பிக்கு ஜெபல் அலியில் துறைமுகம் கட்டும் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் கேம்ப்பிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். கூடவே ஒரு பழைய சினிமாப் பாட்டு கேசட்டும் வரும். கதாநாயகனின் தோழனும் வேலைக்காரியும் பாடுகிற வேடிக்கைப் பாட்டுகள். அதில் வரும் சொற்களுக்கு அப்பாவிடம் அர்த்தம் கேட்டால் செய்தித்தாள் உயரும். அம்மாவிடம் கேட்டால் கரண்டி உயரும். மாமா மட்டும் முகம் மாறாமல் சொல்லித் தருவார்.

ஜகா என்பது ஒருவகைப் பருப்பு என்றார். பாட்டில் அதை வாங்குகிறார்களே, சரிதான் என்று நம்பினேன். கீழே மளிகைக்கடை மலையாளியிடம் போய்க் கால் கிலோ ஜகா கேட்டேன். அவர் இரண்டு டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டு, "ஜகா மாஃபி மோளே, தீர்ந்துபோச்சு. அடுத்த கப்பல்ல வரும்" என்றார்.

டாவு என்றால் என்ன என்று கேட்டபோது மட்டும் மாமா கொஞ்சம் யோசித்தார். "அக்கறைட்டி. ஒருத்தர் மேல இருக்குத அக்கறை."

மாமாவுக்கு ஊரில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் பார்க்கப் போனபோது காப்பி டம்ளரோடு ஒரு தரம் பார்த்ததுதான். அடுத்த லீவில் கல்யாணம். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பிடித்திருக்கிறதா என்பது மாமாவுக்குத் தெரியாது. யாரும் அவளைக் கேட்கவில்லை; இவரிடம் சொல்லவுமில்லை. நாங்கள் ஊருக்குப் பேசி அனுப்பும் கேசட்டுகளுக்கெல்லாம் பெண்ணின் அப்பாதான் பதில் பேசி அனுப்புவார். கோயில் தர்மகர்த்தா. மழை, குளம், வாழை என்று வரிசையாகச் சொல்லி முடிப்பார்.

கேசட் பேசுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. முதலில் அப்பா, பிறகு அம்மா, பிறகு மாமா. டேப் வீணாகக் கூடாதென்று மிச்ச இடத்தில் ஒரு பாட்டு. ஒருதரம் அப்பாவின் பேச்சுக்குப் பதிலாகக் குக்கர் விசில் ஊர் போய்ச் சேர்ந்ததிலிருந்து, அனுப்புமுன் முழுவதும் ஓட்டிக் கேட்பது மாமாவின் பொறுப்பு.

அந்த வெள்ளிக்கிழமை பாட்டும் ஏற்றி முடித்து அம்மா அப்பளம் பொரிக்கப் போனதும், மாமா டேப் ரெக்கார்டரை என் பக்கம் திருப்பினார். "அத்தைக்கு நீயும் ரெண்டு வார்த்தை சொல்லுட்டி."

"அத்தை, எங்க மாமாவுக்கு உங்க மேல ரொம்ப டாவு" என்றேன், ஒப்பித்தல் போட்டிக் குரலில்.

மாமா உள்ளறையில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். லீவில் ஊருக்குப் போகிறவரிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

சில நாள் கழித்து, சாப்பிடும்போது, "அப்பா, உங்களுக்கு அம்மா மேல டாவு உண்டா?" என்று கேட்டேன். அப்பாவுக்கு ரசம் புரையேறியது. அம்மா துருவித் துருவி விசாரித்ததில், கேசட் விஷயமும் வெளியே வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா செருப்பைக் கழற்றுமுன்பே அம்மா பிடித்துக்கொண்டாள். "கல்யாணம் போச்சுலே. அந்த மனுசன் ஊரைக் கூட்டிவச்சுல்லா கேசட்டு கேப்பாரு."

"சின்னப்பிள்ள தெரியாம சொல்லிட்டு. நான் என்னக்கா செய்ய?" என்றார் மாமா.

ஆக, கல்யாணத்தைக் கெடுத்தவள் நான். பதில் கேசட் வரும்வரை எங்கள் வீட்டில் பாட்டும் கிடையாது, அர்த்தமும் கிடையாது. மாமா வருவார், சாப்பிடுவார், ஊரிலிருந்து யாராவது வந்தார்களா என்று மட்டும் கேட்பார்.

ஒருவழியாகக் கேசட் வந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். தர்மகர்த்தா மழையில் ஆரம்பித்து வாழையில் முடித்தார். "பாட்டு ஒண்ணு வந்துது. அதுக்குப் பொறவு ஏதோ பிள்ள சத்தம். சரியா வெளங்கல" என்றார். அம்மா மூச்சு விட்டாள். அணைக்கலாம் என்று அப்பா கையை நீட்டும்போது டக்கென்று ஒரு சத்தம். பின்னால் கோழி கொக்கரிக்க, தாழ்ந்த குரல் ஒன்று கேட்டது.

"பாப்பா, அத்தை பேசுதேன். நீ சொன்னது வெளங்குச்சு. எனக்கும் அப்படித்தான்னு உங்க மாமாகிட்ட சொல்லு."

மறுபடி டக்.

மாமா பால்கனிக்குப் போய், கொடியில் எப்போதோ காய்ந்துவிட்ட துணிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் பின்னாலேயே போய், "மாமா, அத்தைக்கும் உங்க மேல அக்கறையாம்" என்று முறைப்படி தெரிவித்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

குக்கர் விசில்கூட ஊருக்குப் போய்விடக் கூடாதென்று முழுதும் ஓட்டிக் கேட்கிற மனிதர், என் குரலை மட்டும் ஏன் அழிக்காமல் அனுப்பினார் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எனக்கென்று ஒரு டின் சாக்லேட் கொண்டுவந்தார். ஒரு சொல்லுக்கு ஒரு டின் என்று கணக்குப் போட்டு, ஜல்சாவுக்கு அர்த்தம் கேட்டேன்.