கசெற்றில மூண்டாவது குரல்

கனடாவில இருந்து விஜிதரன் போட்ட கடிதம் ஜெயபுரத்துக்கு வந்து சேர மூண்டு மாதம் எடுத்தது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. எந்தெந்த ஆமிக் காம்பில ஆர் ஆர் பிரிச்சுப் படிச்சினமோ, உறை கந்தலாக் கிடந்தது. சிவலட்சுமி ரீச்சர் அதைப் பள்ளிக்கூட வாசலில நிண்டே வாசிச்சா. விளங்காமல் இன்னொருக்காலும் வாசிச்சா.

விஷயம் இதுதான். தம்பி விஜிதரனும் அவன்ர சிநேகிதர் மூண்டு பேரும் சேர்ந்து கொம்பியூட்டரில ஒரு விளையாட்டுச் செய்யினமாம். விளையாடுற ஆள் ஒரு தனி மனிசனா மாறி, பெரிய காடொண்டுக்குள்ள நடக்கவேணும். வழியில காணுற ஆக்களில ஆரை நம்பிறது, எந்தப் பாதையால போறது எண்டு தானே முடிவெடுக்கவேணும். அந்தக் காட்டுக்கு இசை போட ஒரு ஆள் தேவையாம்.

"இஞ்ச உள்ளவங்கள் போடுறதைக் கேட்டால் சினிமாக் காடு மாதிரிக் கிடக்கு அக்கா. எனக்கு எங்கட காடு வேணும். அங்க ஒரு ஆளை நீங்களே தெரிஞ்செடுத்து, கசெற்றில பதிஞ்சு அனுப்புங்கோ. உங்கட காதை நான் நம்பிறன்" எண்டு எழுதியிருந்தான்.

ரீச்சர் கொம்பியூட்டரைக் கண்ணால கண்டதில்லை. அதுக்கென்ன, காட்டைக் கண்டவாதானே. உருத்திரபுரத்தில வயல், வீடு, சங்கீதம் படிப்பிச்ச பள்ளிக்கூடம் எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டிட்டு, தொண்ணூற்றாறுச் சண்டையில காட்டுப் பாதையால ஓடி வந்து ஜெயபுரத்தில கொட்டில் போட்டவா. தாய் செத்த நேரம் விஜிதரனுக்கு நாலு வயசு, இவவுக்குப் பதினாறு. அவனை இடுப்பில இருந்து இறக்கமுதலே இவவின்ர கலியாண வயசு போட்டுது. தொண்ணூறில அவனை வெளிநாட்டுக்கு அனுப்பினதோட சரி, பிறகு அவன்ர குரலை இவா கேக்கேல்லை, இவவின்ர குரலை அவனும் கேக்கேல்லை. வன்னிக்குள்ள டெலிபோன் எங்க கிடந்தது? எட்டு வருசமும் கடிதம்தான்.

முதலில கனகலிங்கம் மாஸ்டரைக் கேட்டா. வற்றாப்பளைத் திருவிழாவில ஆர்மோனியம் வாசிச்ச மனிசன். வந்து, வெத்திலை போட்டு, காட்டுக்கு எண்டு ஒண்டு வாசிச்சார். சும்மா சொல்லக்கூடாது, வலு திறம். ஆனால் கேக்கக் கேக்க ராசாவும் மந்திரியும் சபைக்கு வாற மாதிரித்தான் கிடந்தது. இந்த மனிசன் காட்டுக்குள்ளயும் சரிகை வேட்டியோடதான் நடப்பார் போல எண்டு ரீச்சருக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்தது பாலன். எழுபத்தேழுக் கலவரத்தில மலைநாட்டுத் தோட்டத்தில இருந்து அடிபட்டு வந்த குடும்பம். காட்டுப் பண்டி வயலுக்குள்ள இறங்காமல் காவல் நிக்கேக்க மூங்கில் குழல் ஊதுவான். அவனைக் கேட்டதுக்குக் கனகலிங்கம் மாஸ்டர் முகத்தைச் சுளிச்சார். ரீச்சர் கவனிக்காத மாதிரி இருந்திட்டா. பாலன் கூச்சத்தில நெளிஞ்சு நெளிஞ்சு ஊதினான். நாலு சுரத்துக்கு மேல அதில இல்லை. ஊதுறான், நிப்பாட்டுறான், ஏதோ வருதோ எண்டு காது குடுக்கிறான், திரும்ப ஊதுறான். ரீச்சருக்கு மேலெல்லாம் புல்லரிச்சது.

அவனைத் தெரிஞ்செடுத்திருந்தால் அலுவல் அதோட முடிஞ்சிருக்கும். ஆனால் கடிதம் வந்த நாள் தொட்டு ரீச்சரின்ர தலைக்குள்ளயும் ஒரு மெட்டு ஓடிக்கொண்டெல்லோ கிடந்தது! தெரிவு செய்யிற ஆளே தன்னைத் தெரிவு செய்தால் ஊர் வாயால சிரிக்காது. அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சா. பேர் ஒண்டும் போடாமல் மூண்டையும் அனுப்புவம், அவனே எடுக்கட்டும். உள்ளதைச் சொன்னால், தன்ரதை எடுக்கவேணும் எண்ட ஆசை கூட இல்லை அவவுக்கு. கசெற் ஓட, மூண்டாவது வர, அவன் திடுக்கிட்டு எழும்பி "ஐயோ, இது அக்கா" எண்டு சொல்லவேணும். அது போதும்.

கரண்டும் இல்லை, பற்றரி உள்ளுக்கு வரத் தடை. அந்த நாளில வன்னியில பாட்டுக் கேக்கிறதெண்டால் சைக்கிளை நிப்பாட்டி வைச்சுப் பெடலைச் சுத்தவேணும். டைனமோவில இருந்து வயர் ரேப் ரெக்கோடருக்குப் போகும். மற்ற ரெண்டு பேருக்கும் ரீச்சர்தான் வெளியில குந்தியிருந்து, கை உளைய உளைய ஒரே சீராச் சுத்திக் குடுத்தவா. தனக்குச் சுத்த ஆரைக் கூப்பிடுறது? சொல்ல வெக்கம். ஒரு கையால பெடலைச் சுத்திக்கொண்டு தானே பாடினா. சொல்லில்லாத வெறும் ராகம். பாட்டில மனம் போகப் போகக் கை தளர்ந்தது, அது அவவுக்குத் தெரியேல்லை. அதே களைச்ச கையால சுத்தித் திரும்பக் கேட்டா. தன்ர குரல் அச்சாவா அப்பிடியே கேட்டது.

வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைச்ச ஒரு ஆளிட்ட, அங்க தபாலில போடச் சொல்லிக் கசெற்றைக் குடுத்துவிட்டா. பிறகு ஐஞ்சு மாதம். ஒவ்வொரு நாளும் தபால்காரன் வாற நேரம் பாத்து வாசலுக்கு வந்து நிப்பா.

பதில் வந்தது. ரெண்டாவது ஆள்தானாம். "அந்தக் குழலைக் கேட்டு இஞ்ச எல்லாரும் வாயடைச்சுப் போனாங்கள். ஆள் ஆர் அக்கா? இன்னும் பத்து மெட்டு வேணும்" எண்டு எழுதியிருந்தான். ரீச்சர் அவசர அவசரமா மற்றப் பக்கத்தைப் புரட்டினா.

"மூண்டாவதாப் பாடின சின்னப்பிள்ளை ஆர்? உங்களிட்டப் படிக்கிற பிள்ளையோ? வடிவாப் பாடுது, ஆனால் இந்தக் காட்டுக்குப் பிள்ளைக் குரல் சரிவராது. கவலைப்படவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பேரை எழுதினால் நல்ல பேனை ஒண்டு அனுப்பிவிடுறன்."

ரீச்சருக்கு முதல் ஒண்டும் விளங்கேல்லை. பிறகுதான் பொறி தட்டினது. டைனமோ மெல்லச் சுத்தினால் நாடாவும் மெல்ல ஓடும். அப்பிடிப் பதிஞ்சதைக் கரண்டில ஓடுற மெசினில போட்டால் வேகமெடுத்து, குரல் கீச்செண்டு பிள்ளைக் குரலாப் போடும். பிழை கையிலதான். கையிலதான் எண்டு மனதுக்கு எத்தினை தரம் சொல்லியும் மனம் கேக்கேல்லை. கீச்செண்டாலும் என்ன, எத்தினை வருசம் மடியில வைச்சுப் பாடின குரல், ஒரு சொட்டுக்கூடத் தெரியேல்லையோ அவனுக்கு எண்டு குமுறிக் குமுறி அழுதா.

முகத்தைக் கழுவிப்போட்டு, பாலனிட்டப் போய்ச் சொன்னா. அவன் நம்பேல்லை. "எனக்கா டீச்சர்? மாத்தி எழுதியிருப்பாங்க, நல்லாப் பாருங்க" எண்டு கெஞ்சினான். இல்லை, வடிவாப் பாத்தனான், நீதான் எண்டு அவன்ர தோளில தட்டினா.

பின்னேரம் பதில் எழுத இருந்தா. பாலனைப் பற்றி ரெண்டு பக்கம், மனம் நிறைஞ்சு எழுதினா. மூண்டாவது ஆளின்ர பேர் எழுதவேண்டிய இடத்தில பேனை நிண்டிட்டுது. நான்தான் எண்டு எழுதினால் துடிச்சுப் போவான், பெடியன். மன்னிப்புக் கேட்டுப் பத்துக் கடிதம் போடுவான். சொல்லிக் குடுத்துக் கண்டுபிடிக்கிறதெல்லாம் ஒரு கண்டுபிடிப்போ?

"அந்தப் பிள்ளை இப்ப இஞ்ச இல்லைத் தம்பி" எண்டு எழுதினா. "இடம்பெயர்ந்து போட்டுது. எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பேனை அனுப்பவேண்டாம்."