இரண்டு சொம்பு உப்புக் கஞ்சி

2005 கோடை. உப்பளத்து வரப்பில் உட்கார்ந்திருந்த என் மனைவி அஞ்சலை, "ஏங்க, நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க. ஒருத்தரோடயே என்னால முடியல" என்றாள். நான் சிரித்தேன். காலையிலிருந்தே தலைவலி, கிறுகிறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வயது அறுபத்தெட்டு.

எங்கள் மரக்காணம் உப்பளத்தில் யாருக்குத் தலை சுற்றினாலும் ஒரே வைத்தியம்தான். வியர்வையில் உப்பு போய்விட்டது என்று, கஞ்சித் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்துக் கொடுப்போம். நானும் கொடுத்தேன், இரண்டு சொம்பு. இரத்த அழுத்த மாத்திரையை அவள் நிறுத்தி மூன்று மாதமானது எனக்குத் தெரியும். நன்றாகத்தானே இருக்கிறாள் என்று விட்டிருந்தேன்.

சற்று நேரத்தில் வாந்தி எடுத்தாள். "இது எந்த ஊரு?" என்று கேட்டாள். வேன் பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம்.

அவசரப் பிரிவில் அழுத்தம் 230/130. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை. என்கெஃபலோபதி (அழுத்தம் மிகுந்து மூளை வீங்கிக் குழம்புவது) என்றார் டாக்டர்.

"சட்டுனு எறக்கிடுங்கம்மா. நாக்குக்கு அடியில ஏதோ மருந்து வைப்பாங்களாமே?" என்றேன்.

"அது வேணாங்க. ரொம்ப நாளா ஏறின அழுத்தத்துக்கு இவங்க மூளை பழகிப்போச்சு. ஒரேயடியா எறக்கினா ரத்தம் பத்தாம பக்கவாதம் வந்துடும். சொட்டு சொட்டா மருந்து ஏத்தி மெதுவா கொறைக்கிறோம்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மணி நேரத்தில் 180க்கு வந்ததும் அதற்குமேல் உடனே இறக்காமல் நிறுத்தி வைத்தார்கள். நர்ஸை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர் அந்தக் கட்டிலில் படுத்திருந்தால், என்னைப்போல அவசரப்படுத்தாதீர்கள்.

மறுநாள் காலை அஞ்சலை என்னை உற்றுப் பார்த்தாள். "இப்ப ஒரே ஆளுதான். போதும்" என்றாள். எல்லார் முன்னாலும் அழுதேன். பிறகு டாக்டரிடம் கஞ்சியைப் பற்றிச் சொன்னேன்.

"மாத்திரைய நிறுத்தினதுதாங்க பெரிய தப்பு. ஆனா அந்தக் கஞ்சியும் இனிமே வேணாம்" என்றார், திட்டாமல்.

ஓராண்டு ஆகிறது. மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. உப்பு விளைவிக்கிற வீட்டில் சப்பென்ற குழம்பு. நானும் அதையேதான் சாப்பிடுகிறேன்.

படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்பதால், விடிந்ததும் அவள் காலைத் தொங்கப்போட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பாள். முன்பானால் வேலைக்கு நேரமாகிறது என்று கத்தியிருப்பேன். இப்போது பக்கத்தில் நானும் உட்காருகிறேன்.

"போலாமா?" என்பாள்.

"இரு, என்ன அவசரம்" என்பேன்.