நாகாஜன் கொண்டுவந்த கல்

குஜராத்தில் போர்பந்தரில் தொடங்கும் நெடுஞ்சாலை அசாமில் எங்கள் சில்சரில் முடிகிறது என்பான் நாகாஜன். சில்சரில் தொடங்கிப் போர்பந்தரில் முடிகிறது என்பேன் நான். அவன் கருவாட்டு லாரி ஓட்டிக்கொண்டு என் கிட்டங்கிக்கு வந்துபோன அத்தனை வருடமும் இந்தச் சண்டை தீரவில்லை.

"கடல்லேருந்துதான் சேட் எல்லாம் பொறப்படுது. உங்க ஊர்ல என்ன இருக்கு? சேறும் பாக்கு மரமும்."

"அந்தச் சேத்துல நின்னுதான்யா உன் கருவாட்ட எடை போட்டு எறக்குறேன்" என்பேன்.

நாகாஜன் ஓடேத்ரா, போர்பந்தர் பக்கத்து மேர் சாதிக்காரன். கொம்பு மாதிரி மீசை, தலையில் வெள்ளைத் துணி, காதில் தங்கம். நாடு முழுக்கக் கருவாடு சுமந்தவன் வாயில் மீன் பட்டதே கிடையாது. கம்பு ரொட்டி, வெல்லம், மோர், அவ்வளவுதான் அவன் சாப்பாடு. ஊருக்குப் போனால் முற்றத்திலேயே குளிக்க வைத்துத்தான் அவன் அம்மா ரூடிமா உள்ளே விடுவாளாம். என் மனைவி பீணா கருவாட்டை அடுப்பில் போட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு லாரிக்கே ஓடிவிடுவான்.

"அண்ணி, ஊரையே காலி பண்ணப் பாக்குறீங்களா?"

"முதல்ல உன் லாரிய மோந்து பாரு, அப்பறம் வந்து பேசு" என்பாள் அவள்.

கூட வருகிறவன் அவன் தம்பி ஹாத்தியா. கிளீனராக வந்து, பிறகு வண்டியும் ஓட்டினான். அண்ணன் லாரிக்கு ஓடியதும் இவன் சமையலறைக்குள் நுழைந்துவிடுவான். பீணா வறுத்த மீனைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டு, வாயைக் கழுவி, வெற்றிலையும் போட்டுக்கொள்வான். எங்கள் வீட்டில் அவனுக்கு அவ்வளவு உரிமை இருந்தது.

வண்டி வந்து சேர்ந்ததும் ஊருக்குப் போன் போடுவது தம்பியின் வேலை. ரூடிமா எப்போதும் இரண்டே கேள்விதான் கேட்பாள். சேர்ந்துவிட்டீர்களா, இரண்டு பேருமா. பதில் வந்த பிறகுதான் மோர் குடிப்பாள். பிள்ளைகள் சாலையில் இருக்கும் நாளெல்லாம் அவள் மோரைத் தொடுவதில்லை. மோர் இல்லாமல் அந்தச் சீமைக்காரர்களுக்குச் சோறு இறங்காது. அதனால்தான் அது விரதம்.

ஒரு மழைக்காலத்தில், சில்சர் வந்து சேருமுன், ஹரங்காஜாவ் தாண்டி மலைப்பாதையில் வண்டி நின்றது. முன்னே வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்று ஹாத்தியா இறங்கி நடந்தான். மேலேயிருந்து மலை சரிந்தது. நாள் கணக்கில் தோண்டினார்கள். உடம்பு கிடைக்கவில்லை, செருப்புகூடக் கிடைக்கவில்லை.

வழி திறந்ததும் நாகாஜன் மட்டும் வந்து சேர்ந்தான். மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சேந்துட்டோம்மா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு பேரும்" என்றான்.

போனை வைத்துவிட்டுக் கருவாட்டு மூட்டை மேல் கவிழ்ந்து அழுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"என்னய்யா சொல்லித் தொலைச்ச? நாளைக்கு அவ மூஞ்சியில எப்படி முழிப்ப?"

"இத்தன நாளா மோர் குடிக்காம ஒக்காந்திருக்கா சேட். உண்மையச் சொன்னா எப்படிக் குடிப்பா?"

நான் அவன் தோளைத் தொட்டேன்.

ஊருக்குப் போய் நேரிலேயே சொல்லியிருக்கிறான். அவள் திட்டவில்லையாம், மாரில் அடித்துக்கொள்ளவும் இல்லையாம். மோர்ப் பானையை எடுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் கொட்டினாளாம். அதற்குப் பிறகு மோரைத் தொடவே இல்லை. அம்மாவும் பிள்ளையும் ஹாத்தியாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் இல்லை.

அவர்கள் வழக்கத்தில் அகால மரணம் அடைந்தவனுக்கு நடுகல் உண்டு. விழுந்த இடத்திலேயே நட வேண்டும். அப்போதுதான் செத்தவன் அலையாமல் அதில் வந்து தங்குவானாம். நாகாஜன் அடுத்த தடவை வந்தபோது மூட்டைகளுக்கு நடுவே போர்பந்தர் வெள்ளைக் கல் ஒன்று இருந்தது. இடுப்பு உயரம் வரும். மேலே சூரியன், சந்திரன். பழைய கற்களில் குதிரை இருக்கும் இடத்தில் ஒரு லாரி செதுக்கியிருந்தது. மலை சரிந்த இடத்தில் அதை நட நானும் போய்ப் பிடித்தேன். மலைக்காரர்கள் யாரும் தடை சொல்லவில்லை. அதற்குப் பிறகு போகும்போதும் வரும்போதும் வண்டியை நிறுத்திச் செந்தூரம் பூசிவிட்டுத்தான் நகர்வான்.

வருடங்கள் ஓடின. கல்லில் எங்கள் மழையின் பாசி ஏறியது. சாலையை அகலப்படுத்தப் போவதாக அத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒருநாள் உண்மையிலேயே இயந்திரங்களோடு வந்துவிட்டார்கள். அந்த மலைச்சரிவையே வழித்தெடுக்கப் போகிறார்களாம். மேஸ்திரி நல்ல மனுஷன். கல்லை எடுத்து வேறெங்கேயாவது நட்டுக்கொள்ளுங்கள், நானே ஆள் தருகிறேன் என்றான்.

நாகாஜன் என் கடையில் வந்து உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய ஆள் அன்று சுருங்கிப்போயிருந்தான்.

"அவன் விழுந்த எடம் இனிமே வெறும் ஆகாயம் சேட். எங்க நடுவேன்? வேற எடத்துல நட்டா அது கல்லுதான், அவன் அதுல இருக்க மாட்டான்."

"உங்க ஊர் எல்லையில வரிசையா நிக்குதுன்னியே, அங்க கொண்டுபோ."

"அவங்கல்லாம் அங்க விழுந்தவங்க. இவன் அங்க விழலயே."

"அப்ப உங்கம்மாவக் கேளு. பெத்தவளுக்குத் தெரியாதது எனக்கா தெரியப் போகுது?"

அவன் முகம் வெளுத்தது. அந்தப் பொய்க்குப் பிறகு அவளிடம் தம்பி பேரை எடுக்கவே அவனுக்குப் பயம். நானே எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் சேந்துட்டோம்னு எங்கிட்டச் சொன்னியே" என்றாள் ரூடிமா.

"தப்புதாம்மா. மன்னிச்சுடு."

"தப்பு சரி கேக்கலடா. சொன்னது சொன்னதுதான். அவன் எந்த ஊருக்குக் கெளம்பினான்? அங்க கொண்டுபோய்ச் சேத்துடு."

மறுநாளே போய்க் கல்லைப் பெயர்த்தோம். கருவாடு ஏற்றும் பின்பக்கத்தில் வைக்க அவன் ஒப்பவில்லை. ஆள் பிடித்துத் தூக்கி, ஹாத்தியா உட்காரும் இருக்கையில் வைத்து, தன் தலைத்துணியை அவிழ்த்து அதனால் கல்லை இருக்கையோடு கட்டினான். நான் பின்னால் ஒண்டிக்கொண்டேன். மலை இறங்கி ஊர் வரும்வரை வளைவு வரும்போதெல்லாம் இடது கையால் கல்லைப் பிடித்துக்கொண்டான்.

எங்கள் கொல்லையில் பலா மரத்தடியில் நட்டோம். செந்தூரம் பூசினான். பீணா ஒரு தட்டில் வறுத்த மீனோடு வந்தவள், நாகாஜனைப் பார்த்ததும் தயங்கி நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் இங்க வந்தா இதத்தான் சாப்பிடுவான்" என்றாள்.

நாகாஜன் அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "வைங்க அண்ணி" என்றான்.

இப்போது அவனுக்குக் கண் மங்கிவிட்டது, ஊரோடு இருக்கிறான். தீபாவளிக்கு முந்தின நாள் முன்னோர்களுக்குப் பதினாலு விளக்கு ஏற்றுவது எங்கள் வழக்கம். அன்று பீணா பலா மரத்தடிக்கும் ஒன்று எடுத்துப் போகிறாள். சாலை எங்கே முடிகிறது என்று நான் யாரோடும் சண்டை போடுவதில்லை.

கல்லை நட்ட அன்று, கைகூடக் கழுவாமல் நாகாஜன் ஊருக்குப் போன் போட்டான். தம்பி போனது தெரிந்ததிலிருந்து கேட்காமலே விட்டிருந்த இரண்டு கேள்விகளையும் ரூடிமா கேட்டாள்.

"சேந்துட்டோம்மா" என்றான். "ரெண்டு பேரும்."

அந்தப் பக்கம் அவள் மருமகளைக் கூப்பிடுவது கேட்டது. மோர் இருக்கிறதா என்று கேட்டாள்.