அப்பாவின் கண்ணாடியும் என் கணக்கும்

தலை திரும்பினால், கண் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பதெல்லாம் ஆடும். காதுக்குள்ளிருந்து சேதி வர, மூளைதான் கண்ணைத் திருப்புகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் என் ஆராய்ச்சியே அந்த மூளைச் சுற்றுக்குக் கணினியில் மாதிரி கட்டுவதுதான். கண்ணில் காட்சி நிலைக்காமல் வழுக்கினால் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும் மாதிரி. நிஜ மனிதருக்கு இது பொருந்துமா என்று கேட்டவர்கள்மேல் எரிந்து விழுவேன்.

விடுமுறைக்கு ராசிபுரம் வந்தால், வீடே உம்மென்று இருந்தது. அப்பா புதிதாகப் போட்ட கண்ணாடியில் ரோடு ஆடுகிறதாம். சொந்த லாரியை விற்றுவிட முடிவு செய்துவிட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆட்டையாம்பட்டிக்காரர் ஒருவர் வண்டி பார்க்க வருகிறார். ஸ்டியரிங் பிடிக்காத அப்பாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஊட்டுல ஏனுங்கப்பா கண்ணாடி போடறதில்ல?"

"கீறல் உழுந்துரும் சாமி. வண்டி ஏறுறப்ப மட்டுந்தான்."

அப்போதும், ரோடு ஆடாமலிருக்கக் கழுத்தை விறைத்துக்கொள்வாராம். அடக் கடவுளே! கண்ணாடி காட்சியின் அளவை மாற்றிவிடுகிறது. மூளையின் பழைய கணக்கு அதற்குப் பொருந்தாது. தலை அசைந்து காட்சி வழுக்கினால்தானே மூளை திருத்தும்?

"இனிமே கழட்டுனீங்கன்னா நான் சோறு திங்க மாட்டேன்!" என்று கத்தினேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் கண்ணாடி. சும்மா இருக்கும்போது காலண்டரை உற்றுப் பார்த்தபடி தலையை இடவலமாக ஆட்ட வேண்டும்.

அப்பா தலையாட்டுவதை எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, அருள் வந்துவிட்டதென்று திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்தார்.

"சாமி, எம்புள்ளைக்கு எப்பங்க கண்ணாலம் கூடும்?"

"எனக்கு ரோடு நின்னாப் போதும், நீ வேற!" என்ற அப்பா ஆட்டத்தை நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை என்னை ஏற்றிக்கொண்டு காலி மைதானத்தில் லாரியை மெல்ல உருட்டினார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். கழுத்து தாராளமாகத் திரும்பியது.

"நிக்குது சாமி! எல்லாம் அப்படியே நிக்குது!"

நான் துள்ளிய துள்ளலில் தலை கேபின் கூரையில் இடித்தது. வலியாவது ஒன்றாவது! என் கணக்கு ஜெயித்துவிட்டது, அதுவும் என் அப்பாவின் தலைக்குள்!

மறுநாள் வந்த ஆட்டையாம்பட்டிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பாவே நாமக்கல் ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டினார். இறங்கியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வண்டி அருமையா ஓடுதுங்க. எப்பங்க குடுக்கறீங்க?"

"குடுக்கறதில்லீங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்க," என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றாமல், அவரையே பார்த்தபடி, தலையை இடவலமாக நன்றாக ஆட்டினார்.